இரண்டு பைசாவும் இருபத்தைந்து சதவிகிதமும்

இரண்டு பைசா என்றால் யாருக்கும் அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் பெருமாநல்லூர் விவசாயிகளிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது.

1970-ம் ஆண்டு விவசாய பம்புசெட்டுகளுக்கான மின்சாரக் கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்ந்தது. அதை எதிர்த்து விவசாயிகள் கிளர்ச்சி செய்தார்கள். ஜூன் 19-ந் தேதி பெருமாநல்லூரில் போலீசார் சுட்டதில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். பின்னர் சர்க்கார் ஒரு பைசாவைக் குறைத்தது. கட்டணம் 9 பைசா ஆயிற்று.

"ஏறியது இரண்டு பைசாதானே!" என்பவர் பைசாவை மட்டும் பார்க்கிறார். எட்டில் இரண்டு என்பது கால் பங்கு; அதாவது 25 சதவிகிதம். நூறு ரூபாய் கட்டி வந்தவர் 125 ரூபாய் கட்ட வேண்டும். கிணறு தருவதோ அதே தண்ணீர்தான்!

சரி, குறைந்த ஒரு பைசா எத்தனை சதவிகிதம்? ஏறியதில் பாதி, ஆகவே பன்னிரண்டரை என்று சொல்லத் தோன்றும். வழுக்கும் இடம் அதுதான். குறைத்தது எட்டிலிருந்து அல்ல, பத்திலிருந்து. பத்தில் ஒன்று 10 சதவிகிதம். அப்படியானால் 25 ஏறி 10 இறங்கியதில் மிச்சம் பதினைந்தா? அதுவும் இல்லை. 8 பைசா 9 ஆகியிருக்கிறது. எட்டில் ஒன்று, 12½ சதவிகிதம்.

ஆகவே, சதவிகிதக் கணக்கைக் கண்டதும் "எதில்?" என்று முதலில் கேளுங்கள். ஏற்றமோ இறக்கமோ, வித்தியாசத்தை மாறுவதற்கு முன்பிருந்த தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

இப்போது பனியன் கம்பெனிக்கு வருவோம். தையல்காரர் ஒருவருக்கு 10 சதவிகித உயர்வுக்குப் பின் வாரக் கூலி 3,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய கூலி என்ன? 3,300-ல் பத்து சதவிகிதத்தைக் கழித்து 2,970 என்பது தவறு. பழைய கூலி 100 பங்கு என்றால் புதியது 110 பங்கு. 3,300-ஐ 110-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 3,000. அதுதான் விடை.

ஆர்டர் குறைந்தது என்று முதலாளி அதே பத்து சதவிகிதத்தைக் குறைத்தால்? இப்போதுதான் 2,970 வருகிறது! "பழைய கூலிதானே" என்று கையெழுத்துப் போடுபவருக்கு வாரம் 30 ரூபாய் நஷ்டம். 52 வாரத்தில் 1,560 ரூபாய்!

1990-ல் விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. எட்டு, ஒன்பது, பத்து பைசா எல்லாம் பழங்கதை. ஆனால் "எதில்?" என்ற கேள்வி பழையதாகவில்லை. அடுத்த முறை கூலிச் சீட்டு கைக்கு வரும்போது, கேட்டுப் பாருங்கள்.