உங்கள் எண் யார் போனில் இருக்கிறது?

ஆரோவில் பக்கத்திலுள்ள குயிலாப்பாளையத்தில் துணிப்பை, மணிமாலை, பருத்திச் சட்டை விற்கும் கடைக்காரர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா மகன் ஓயாமல் நச்சரிக்கிறானாம்: “மாமா, இன்ஸ்டாவுல ஒரு பேஜ் ஆரம்பிச்சுடலாம்.” மாமாவுக்கு மனமில்லை. “ரோட்டு மேல கடை. மாத்ரிமந்திருக்குப் போற ஜனம் என் வாசலைத் தாண்டித்தான் போகுது. போர்டும் பெரிசா இருக்கு. இதுக்கு மேல போன்ல வேற நின்னு நாட்டியம் ஆடணுமா?” என்று கேட்கிறார்.

நாட்டியம் ஆட வேண்டாம். ஆனால் அந்தப் போர்டை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் நின்று அவரே கவனிக்கலாம். புதுச்சேரியில் வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து, பெரிய முதலியார்சாவடியில் இடப்பக்கம் திரும்பி ஊருக்குள் நுழைகின்றன. ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கண் கையிலுள்ள மேப்பில். “இன்னும் இருநூறு மீட்டர்ல பேக்கரி” என்பார் அவர். வண்டி பேக்கரி வாசலில்தான் நிற்கும். எங்கே சாப்பிடுவது, எங்கே பை வாங்குவது என்பதெல்லாம் முந்தின இரவே விடுதி அறையில் முடிவாகிவிட்டது. வழியில் இருக்கும் போர்டுகளுக்கு அந்த முடிவில் பங்கில்லை.

கடைக்காரர் கவனிக்காத இன்னொரு சங்கதியும் உண்டு. அவர் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவருடைய கடை பெரும்பாலும் ஏற்கெனவே அந்த மேப்பில் இருக்கும். கூகுள் மேப்பில் யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தைச் சேர்க்கலாம், படம் போடலாம், நட்சத்திரம் கொடுக்கலாம், “நேரம் தவறு, திருத்துங்கள்” என்று பரிந்துரைக்கலாம். சொந்தக்காரர் வந்து உரிமை கோராத கடை, பூட்டுப் போடாத வீடு மாதிரிதான். 2018-ல் மகாராஷ்டிரத்தில் மோசடிக் கும்பல் ஒன்று வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்ணை மேப்பில் தங்கள் எண்ணாக மாற்றிவைத்துவிட்டது. வங்கி என்று நம்பி அழைத்தவர்கள் கார்டு விவரத்தைக் கொடுத்து ஏமாந்தார்கள். வங்கிக்கே அந்தக் கதி.

எண் மட்டுமல்ல, திறந்திருக்கும் நேரமும் அங்கே சரியாக இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அதற்கடுத்த நாட்களை நினைத்துப் பாருங்கள். விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. அந்த மாதிரி வாரத்தில் வர நினைக்கிறவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “திறந்திருக்கா?” அதற்கு நான்கு வார்த்தையில் பதில் போட்ட கடைக்கு அன்றைக்கும் ஆட்கள் போவார்கள்.

கணக்குத் தொடங்குவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதை அக்கா மகன் பத்து நிமிடத்தில் செய்துவிடுவான். வாட்ஸ்அப் என்ற இயந்திரத்தின் உள்ளே இருக்கும் ஒரு விசித்திரமான விதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை.

வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 ஜனவரியில் வந்தது. கடை முகவரி, திறக்கும் நேரம், பொருட்களின் கேட்லாக், கடை மூடிய பிறகு தானாகப் போகும் பதில் என்று அதில் நிறைய உண்டு. திறந்து பார்த்தாலே புரிந்துவிடும். அதிலும் சாதாரண வாட்ஸ்அப்பிலும் ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ என்று ஒன்று இருக்கிறது. பலர் அதைத் தொட்டதே இல்லை. 256 பேர் வரை ஒரு பட்டியலில் சேர்க்கலாம். (கணினிக்காரர்களுக்குப் பிரியமான எண் இது, எட்டு இரண்டுகளைப் பெருக்கினால் வருவது.) ஒரு செய்தியை அனுப்பினால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவருக்கு மட்டுமே எழுதியது போலப் போய்ச் சேரும். குரூப்பில் நடப்பது போல ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது. ஒருவர் பதில் போட்டால் அது உங்களுக்கு மட்டுமே வரும்.

இதோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் தன் போனில் உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறாரோ, அவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அவர் எண் உங்களிடம் இருப்பதால் பயனில்லை. நீங்கள் 256 பேரைப் பட்டியலில் சேர்த்திருக்கலாம்; அவர்களில் 30 பேர்தான் உங்களைப் பதிந்திருக்கிறார்கள் என்றால், 30 பேருக்குத்தான் போகும். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்களையும் யாரும் கூப்பிட்டு “போகவில்லை” என்று சொல்ல மாட்டார்கள். அனுப்பிய செய்தியை விரலால் அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’வைத் திறந்தால் யாருக்குப் போனது, யார் படித்தார்கள் என்ற பட்டியல் வரும். அதில் பெயர் இல்லாதவர்களைப் பாருங்கள். போனை அணைத்து வைத்திருப்பவர்களை விட்டுவிட்டால், மீதிப் பேர் பெரும்பாலும் உங்களைப் பதியாதவர்கள்தான்.

கண்ட கண்ட விளம்பரம் வந்து குவியாமலிருக்க அந்த நிறுவனம் போட்ட வேலி இது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர் வதந்தி பரவி இந்தியாவில் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டபோது, ஃபார்வர்டு செய்வதை ஒரு தடவைக்கு 5 பேர் என்று குறுக்கினார்களே, அதே மாதிரியான வேலிதான். ஆனால் வியாபாரிக்கு இந்த வேலி ஒரு நல்ல கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறது. எத்தனை பேர் எண் உங்களிடம் இருக்கிறது என்பது ஒரு கணக்கே இல்லை. உங்கள் எண் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதே கணக்கு.

நான் சிறுவனாக இருந்தபோது திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குத் தவணைப் புடவைக்காரர் ஒருவர் சைக்கிளில் வருவார். கேரியரில் மூட்டை, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. தெருவில் கூவ மாட்டார். கூப்பிட்ட வீட்டுத் திண்ணையில் மட்டும் மூட்டையை அவிழ்ப்பார். “மூத்த பொண்ணுக்குச் சீமந்தம்னு சொன்னீங்களேம்மா, அரக்குல ஒண்ணு எடுத்தாந்திருக்கேன்” என்பார். அம்மா வாங்காவிட்டாலும் மோர் கொடுப்பார். போன மாதம் எடுத்த புடவையில் சாயம் போனது என்றால் அவர் வாதாடிப் பார்த்ததில்லை. அடுத்த முறை வேறு புடவையோடு வருவார். அந்த நோட்டும் திண்ணையும் இப்போது போனுக்குள் போயிருக்கின்றன. எந்தத் திண்ணையில் மூட்டையை இறக்கலாம் என்பதை இப்போதும் வீட்டுக்காரர்தான் தீர்மானிக்கிறார். அந்த நிபந்தனையை எழுதிய அமெரிக்க எஞ்சினியருக்கு எங்கள் புடவைக்காரரைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, நம் எண்ணை அவர் எதற்காகப் பதிவார்? உங்கள் போனைத் திறந்து பாருங்கள். ‘மோட்டார் ரிப்பேர்’, ‘கேஸ் சிலிண்டர்’, ‘தண்ணி கேன் அண்ணன்’, ‘டெய்லர் அக்கா’ என்றெல்லாம் பதிந்திருப்பீர்கள். ‘ஆடித் தள்ளுபடி’ என்று ஒரு பெயர் இருக்கிறதா? தள்ளுபடிக்காக யாரும் எண்ணைப் பதிவதில்லை. நாளைக்கு ஒரு தேவை வரும், அப்போது இவர் பதில் சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் பதிகிறோம். ஆகவே பில் போடும்போது “ஆஃபர் அனுப்புறோம், நம்பர் கொடுங்க” என்று கேட்பது வீண். கடைக்காரர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு, “பட்டை அறுந்தா இந்த நம்பருக்கு ஒரு படம் அனுப்புங்க, கொரியர்ல அனுப்பினா தைச்சுக் கொடுத்துடறோம்” என்று சொன்னால், பெங்களூர்க்காரர் அங்கேயே நின்று ‘பை கடை ஆரோவில்’ என்று பதிந்துகொள்வார். அவர் மறுபடி குயிலாப்பாளையத்துக்கு வர ஒரு வருடம் ஆகலாம். தங்கை கல்யாணத்துக்கு அதே மாதிரி நாற்பது பை வேண்டும் என்று கேட்க அவ்வளவு நாள் ஆகாது. மே மாத வெயிலில் சாலையில் ஈ காக்கை இல்லாதபோது கடையை ஓட்ட உதவுவது அந்த நாற்பது பைதான்.

பெரிய நிறுவனங்களுக்கு வாட்ஸ்அப் வைத்திருக்கும் வாசல் வேறு. சென்னை மெட்ரோ ரயில் 2023 மே மாதம் முதல் வாட்ஸ்அப்பில் டிக்கெட் கொடுக்கிறது. ‘ஹாய்’ என்று அனுப்பினால் மற்றதை அதுவே கேட்டுக்கொள்ளும். அந்த வாசலிலும் ஒரு கறார் விதி உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் அவரிடம் எதை வேண்டுமானாலும் இயல்பாகப் பேசலாம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகங்களை மட்டுமே அனுப்பலாம்; விளம்பரம் என்றால் காசு. சும்மா கிடக்கிற வாடிக்கையாளரைப் போய்த் தட்டினால்தான் செலவு. கேட்டவருக்கு உடனே பதில் சொல்கிற வரையில் பேச்சுக்குத் தடையில்லை.

இன்ஸ்டாகிராமும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் சாய்கிறது. அதன் தலைவர் ஆடம் மொசெரி 2025-ல் சொன்னபடி, ஒரு காணொளியைப் புதியவர்களிடம் கொண்டுபோவதில், அதைப் பார்த்தவர் இன்னொருவருக்குத் தனிச் செய்தியாக அனுப்புவதற்கு நிறைய மதிப்பு உண்டு. மாமா நாட்டியம் ஆடினால் லைக் விழும். பையின் கைப்பிடியை எப்படி மடித்து இரட்டைத் தையல் போடுகிறார்கள் என்று அரை நிமிடம் காட்டினால், அதை ஒருத்தி தன் தோழிக்கு அனுப்பி “இது வாங்கலாமா?” என்று கேட்பாள்.

புகார் வருமே என்று பயப்படுகிறவர்களுக்கு ரயில்வேயைக் காட்டுவேன். 2014 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சராக இருந்தார். ஓடும் ரயிலிலிருந்து பயணிகள் ட்விட்டரில் எழுதுவார்கள்: குழந்தைக்குப் பால் இல்லை, பெட்டியில் தண்ணீர் இல்லை. அதைப் பார்த்து வழியிலுள்ள நிலையத்துக்குச் சொல்லி ஏற்பாடு செய்ய அமைச்சகத்திலேயே ஆட்கள் இருந்தார்கள். ரயில்கள் அன்றைக்கும் தாமதமாகத்தான் ஓடின. இருந்தாலும் நாலு பேர் பார்க்கப் புகாருக்குப் பதில் வந்தது, அந்த நாலு பேருக்கும் நல்ல அபிப்பிராயம் வந்தது. மேப்பில் யாரோ கொடுத்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே கடைக்காரர் மரியாதையாக எழுதும் இரண்டு வரியைப் படிப்பது, நட்சத்திரம் கொடுத்தவரைவிட, அடுத்து வர இருப்பவர்தான்.

அதற்காக நட்சத்திரத்தை விலைக்கு வாங்கப் போகக் கூடாது. “5 ஸ்டார் போட்டால் 10 சதவீதம் தள்ளுபடி” என்று கல்லாவில் ஒட்டியிருக்கும் அட்டைகளைப் பல ஊரில் பார்க்கிறேன். கூகுள் விதிப்படி அது தவறு. இணையத்தில் வரும் நுகர்வோர் கருத்துகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்று ஒரு தரத்தையும் வெளியிட்டிருக்கிறது. கூலிக்கு எழுதிய கருத்து எது என்று படிக்கிறவர்களுக்கும் இப்போது வாசனை தெரிந்துவிட்டது.

எனக்கு ஆற்றாமை வேறொரு விஷயத்தில். கணக்கை ஆரம்பித்துவிட்டு, கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தினமும் காலையில் ரோஜாப்பூவோடு ‘குட் மார்னிங்’ படம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதலாளி கைகூப்பிய படம். கீழே ஒரு பெண் “விலை என்ன?” என்று கேட்டிருப்பாள், அதற்கு மூன்று வாரமாகப் பதில் இருக்காது. இல்லாவிட்டால் “விலைக்கு இன்பாக்ஸ் வரவும்” என்று ஒரு வரி. கடைக்குள் வந்து விலை கேட்டவரை “பின்பக்கம் வா, காதில் சொல்கிறேன்” என்று யாராவது கூப்பிடுவார்களா? சுய உதவிக் குழுப் பெண்களுக்கு நடத்தும் பயிற்சிகளிலும் கணக்குத் திறக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊதுவத்தி உருட்டி முடித்து, சமையலும் முடித்து, இரவு ஒன்பது மணிக்கு யார் உட்கார்ந்து பதில் எழுதுவது என்பதை யாரும் பேசுவதில்லை. அதுவும் வேலைதான், அதற்கும் ஒரு ஆள், ஒரு நேரம், கொஞ்சம் கூலி வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த இடமெல்லாம் வாடகை மனை. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. அவர்கள் விதியை மாற்றினாலும் நம்மைக் கேட்டு மாற்ற மாட்டார்கள். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் கல்லாவுக்குள் ஒரு நோட்டிலும் இருக்கட்டும். அக்கா மகன் நாளைக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போவான்; பாஸ்வேர்டும் அவனோடு பஸ் ஏறிவிடக் கூடாது. கணக்கு கடைக்காரரின் சொந்த எண்ணில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கப் பின் நம்பர் போட்டுக்கொள்ள வேண்டும். மோசடி நடந்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண் 1930.

கடிதம் எழுதிய கடைக்காரருக்கு: இன்ஸ்டா அடுத்த மாதம் கூட இருக்கட்டும். இந்த வாரம் மேப்பில் உங்கள் கடையைத் தேடி, சொந்தக்காரர் நீங்கள்தான் என்று பதிவு செய்துவிடுங்கள். மதியம் எத்தனை மணிக்குக் கடையைச் சாத்துகிறீர்கள், எப்போது திறக்கிறீர்கள் என்பதைச் சரியாகப் போடுங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.