குரல் யாருடையது?

ஃபால்குனி பாடக்கின் ‘யாத் பியா கீ ஆனே லகீ’ இந்தி பாப் ஆல்பம் 1998-இல் வந்தது. நவராத்திரி தாண்டியா மேடைகளில் பெயர் வாங்கியவர் அவர். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்கு ரியா சென் நடித்தார்; பிறகு வந்த ‘மேரி சுனர் உட் உட் ஜாயே’ வீடியோவில் ஆயிஷா டாக்கியாவோடு நம் த்ரிஷாவும் உண்டு. பாடகியே நாயகியாக நிற்கும் வழக்கம் இந்த வீடியோக்களில் இல்லை. குட்டை முடியும் பேன்ட் சட்டையுமாக ஃபால்குனி ஓரத்தில் நின்று பாடுவார். காதல் வேறு யாருக்கோ நடக்கும். எனக்கு அவற்றில் மிகவும் பிடித்ததே அந்த ஏற்பாடுதான்.

பாடகியின் உதடு அசைந்தால் குரல் அவருடையது. அடுத்த காட்சியில் அதே குரலுக்கு வேறொரு பெண் வாயசைத்தால், அந்தக் கணமே அது அவளுடையதாகிவிடுகிறது. இத்தனைக்கும் ஒலி வருவது டிவிப் பெட்டியின் ஓரத்திலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர்களுக்குச் சோறு போடுவதும் மூளையின் இதே பழக்கம்தான். ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதைவிடக் கண் துல்லியமாகச் சொல்லும். அதனால் மூளை கண்ணை நம்புகிறது. டேவிட் அலாய்ஸும் டேவிட் பர்ரும் 2004-இல் இதைச் சோதித்தார்கள். காட்சியை நன்றாக மங்கலாக்கியதும் நிலைமை தலைகீழானது: மூளை காதின் பக்கம் சாய்ந்தது. அந்த நேரத்தில் எது தெளிவோ அதற்கே மதிப்பு.

கேட்கும் எழுத்தையேகூடக் கண் மாற்றிவிடும். ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ என்று சொல்லும் முகத்தோடு சேர்த்துக் காட்டினால் பலருக்கும் ‘தா’ என்றே கேட்கிறது. ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976-இல் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பை அறிந்தவர்களுக்கும் அப்படித்தான் கேட்கும்.

நேரத்தில் மூளை ஓரளவு விட்டுக்கொடுக்கும். ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைக்கும்போது, துணி கல்லில் விழுந்த பிறகுதான் சத்தம் நமக்கு வரும். 34 மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி தாமதம். இயற்கையில் சத்தம் பிந்துமே தவிர, காட்சியை ஒருபோதும் முந்துவதில்லை. நம் சகிப்பும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் சுமார் 125 மில்லிநொடி வரை தெரிவதில்லை என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்.

காதல் பாட்டு எடுப்பவர்கள் இந்த இடைவெளிக்குள் செய்யும் ஒரு வித்தை உண்டு. துப்பட்டா மெதுவாக மிதக்கும், மழைத்துளி நிதானமாக இறங்கும். உதடு மட்டும் பாட்டோடு கச்சிதமாகப் போகும். மெதுவாக்கிய படத்தில் உதடும் பின்தங்கத்தானே வேண்டும்? நம் டிவியில் நொடிக்கு 25 சட்டகங்கள். கேமராவை நொடிக்கு 50 என்று ஓடவிட்டு எடுத்ததை 25-இல் காட்டினால் எல்லாமே பாதி வேகமாகும். ஆகவே படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுவார்கள். டேப்பை அப்படி ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறி, உருக்கமான பாட்டு கீச்சுக் கீச்சென்று கேட்கும். அதற்குத்தான் நடிப்பவர் வாயசைக்க வேண்டும். திரையில் உதடு இயல்பான வேகத்துக்கு வந்துவிடும். கூந்தலும் காற்றும் பாதி வேகத்துக்குப் போய்விடும்.

ஒரே சட்டகத்தில் இரண்டு வேகம். மூளை குரலோடு ஒத்துப்பார்ப்பது உதட்டைத்தான். அது பொருந்திவிட்டால் கூந்தலைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. நடிப்பவரின் பாடுதான் கடினம். இரண்டு நொடிக்கான வரியை ஒரே நொடியில் வாயசைத்து முடிக்க வேண்டும்; அந்த அவசரம் கண்ணிலோ புருவத்திலோ கொஞ்சமும் தெரியக்கூடாது.