வழவழப்பா, நறநறப்பா?

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு டப்பாவில் அடிக்கடி தலைகாட்டுவது பீநட் பட்டர் (கடலை விழுது), ஜெல்லி சாண்ட்விச். செய்முறை இரண்டே வரிதான். ஆனாலும் வீட்டுக்கு வீடு வழக்கு!

1901-ல் ஜூலியா டேவிஸ் சாண்ட்லர் பாஸ்டன் சமையல் இதழொன்றில் இதன் செய்முறையை எழுதியபோது, கரன்ட் பழம் அல்லது கிராப் ஆப்பிள் ஜெல்லியைச் சொன்னார். இன்று பலருக்கும் ஊதா நிறத் திராட்சை ஜெல்லிதான் முறை. ஸ்ட்ராபெரி கட்சியும் வலுவானது.

கடலை விழுது வழவழப்பாக இருக்க வேண்டுமா, பருப்பு நறநறவென்று கடிபட வேண்டுமா என்பது அடுத்த சண்டை. ஓரத்தை வெட்டுவதா என்பது இன்னொன்று. தடவுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: இரண்டு ரொட்டித் துண்டிலும் பீநட் பட்டரைப் பூசி, நடுவில் ஜெல்லியை வைப்பார்கள். எண்ணெய்ப்பசை ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. மதியம் டப்பாவைத் திறக்கும்போது ரொட்டி நமுத்திருக்காது. இதுதான் சரியான முறை என்று தயங்காமல் சொல்லலாம்.

பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பீநட் பட்டரோடு வாழைப்பழத்தை வைத்து, பொன்னிறமாக வாட்டிச் சாப்பிட்டார். கூடைப்பந்து வீரர் கெவின் கார்னெட், பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் இருந்தபோது ஆட்டத்துக்கு முன் பீநட் பட்டர், ஜெல்லி சாண்ட்விச்சையே கேட்டார். சக வீரர்களையும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.