துண்டு போட்டு இடம் பிடிக்கும் காப்பி

ஆட்டு, மைல், சிறுநீரக. இந்த மூன்றுக்கும் பின்னால் வந்து பொருந்துகிற ஒரே சொல் எது என்று கேட்டு மகள் போன வாரம் கைபேசியில் அனுப்பியிருந்தாள். முதலில் எனக்கு வந்தது குட்டி. அது மைலோடு ஒட்டாது. ஆட்டுப்பால், ஆட்டுக்கறி, ஆட்டுக்கால் சூப்பு என்று மனம் கறிக்கடையை விட்டு நகர மறுத்தது. இரண்டாவது டம்ளர் காப்பி உள்ளே இறங்கிய பிறகுதான் அது ஆடு அல்ல, மாவு ஆட்டுகிற ஆட்டு என்று உறைத்தது. ஆட்டுக்கல், மைல்கல், சிறுநீரகக் கல்.

காப்பிதான் காரணமா? இதே மாதிரிப் புதிர்களை வைத்து அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். தார்யா ஸபெலினா, பால் சில்வியா என்ற இரு உளவியலாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு அது. 44 பேருக்கு 200 மில்லிகிராம் காஃபீன் மாத்திரை. இன்னொரு 44 பேருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது போனது என்பது விழுங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. காஃபீன் விழுங்கியவர்கள் புதிர்களைக் கூடுதலாக விடுவித்தார்கள். 200 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பெரிய கோப்பை ஒன்றில் இருக்கும் அளவு. நம் டபரா டம்ளரில் அது எத்தனை என்று கணக்குச் சொல்வது கஷ்டம். டிகாஷனின் கெட்டி வீட்டுக்கு வீடு மாறும். பொடியில் கலக்கும் சிக்கரியில் காஃபீன் துளியும் கிடையாது. ரோபஸ்டாக் கொட்டையிலோ அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எனக்கு இந்த ஆய்வில் சுவையாகப் பட்டது அதன் மறுபாதி. ஒரே விடையைத் தேடிப் பிடிப்பதை விட்டுவிட்டு, புதிது புதிதாக யோசனைகளை உண்டாக்கச் சொன்னபோது காஃபீனால் ஒரு லாபமும் இல்லை. கெடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

இரண்டும் வேறு வேறு வேலைகள். கொட்டாங்கச்சியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசித்துப் பாருங்கள். அகப்பை, அடுப்புக்கரி, ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணம் என்று மூன்று சட்டென்று வரும். பிறகு ஒரு தேக்கம். அந்தத் தேக்கத்தைத் தாண்டி, அதில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகிக் கம்பி கட்டினால் வயலின் ஆகும் என்று எவனோ ஒருவனுக்குத் தோன்றியதே, திருவிழாக் கூட்டத்தில் அதை வாசித்தபடியே விற்கவும் செய்தானே, அந்தப் புத்தி வேறு ரகம். அதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது.

காஃபீன் ஏன் ஒன்றுக்கு மட்டும் உதவுகிறது? அது மூளையில் செய்வது நமக்கு நன்றாகப் பழக்கப்பட்ட காரியம்: பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்க, அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்கென உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால் செல்களின் வேகம் தணியும், கண் சொருகும். காஃபீன் மூலக்கூறுக்கு அடினோசினின் சாயல் உண்டு. அது முந்திக்கொண்டு அந்த இருக்கையில் துண்டைப் போட்டுவிடுகிறது. உட்கார்ந்தவர் செய்யும் வேலையைத் துண்டு செய்யாது. வேறு யாரையும் உட்காரவும் விடாது. காப்பி புதிதாகத் தெம்பு எதையும் கொண்டுவருவதில்லை. களைப்பு இருக்கிறது என்ற செய்தியைத்தான் தடுத்து வைக்கிறது. நின்றுகொண்டிருக்கும் அடினோசின் கூட்டம் எங்கும் போய்விடாது. துண்டு நகர்ந்ததும் மொத்தமாக வந்து உட்காரும். நான்கு மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, பலருக்கு இரவு ஒன்பது மணிக்கும் உடம்பில்தான் இருக்கும்.

களைப்புச் செய்தி வராவிட்டால் கவனம் கூர்மையாகும். கூர்மையான கவனம் ஒரே விடையைக் குறிபார்க்க நல்லது. கொட்டாங்கச்சி வயலினுக்குக் கொஞ்சம் பராக்குப் பார்க்கும் மனம் வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தப் பராக்கு எங்கே கிடைக்கும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். தோட்டம், பறவை எதுவும் இல்லை. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடை. அதற்கே 81 சதவீதம் பேருக்கு, உட்கார்ந்திருந்ததைவிடப் புதுமையான யோசனைகள் கூடுதலாக வந்தன. ஆனால் ஒற்றை விடைப் புதிரில் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். காஃபீன் காட்டிய படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்ததுபோல.

காப்பியும் நடையும் ஒரே மனிதரிடம் வேலை செய்ததற்கு ஒரு வாக்குமூலமே இருக்கிறது. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவான்கரே 1908இல் பாரிஸ் உளவியல் சங்கத்தில் பேசியபோது தன் இளவயதுக் கண்டுபிடிப்பு ஒன்றை விவரித்தார். பதினைந்து நாள் மேசையே கதி என்று உட்கார்ந்து, ஒருவகைச் சார்புகள் இருக்கவே முடியாது என்று நிறுவப் பார்த்தார். ஒரு மாலை, வழக்கத்துக்கு மாறாக, பால் சேர்க்காத காப்பி குடித்தார். தூக்கம் போயிற்று. எண்ணங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி ஒன்றோடொன்று முட்டிமோதி, இரண்டிரண்டாகக் கொக்கி போட்டுக்கொண்டன. விடிவதற்குள் அப்படிப்பட்ட சார்புகள் உண்டு என்றே நிறுவிவிட்டார். எதை இல்லை என்றாரோ அதையே.

அடுத்த பாய்ச்சலுக்குக் காப்பி இல்லை. நிலவியல் சுற்றுலா ஒன்றில், கூட்டான்ஸ் என்ற ஊரில், குதிரை வண்டியின் படியில் கால் வைத்த நொடியில், தன் சார்புகளுக்கும் யூக்ளிட் வழியில் அடங்காத வடிவியலுக்கும் உள்ள உறவு பளிச்சிட்டது. உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்தாராம். இன்னொரு முறை கடலோரப் பாறை மேட்டில் நடக்கும்போது. மற்றொரு முறை சாலையைக் கடக்கும்போது. அவரே ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார்: மேசையில் பல நாள் மல்லுக்கட்டாமல் இந்த மின்னல்கள் வருவதில்லை.

தூக்கத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். பாரிஸ் ஆய்வாளர்கள் 2021இல், மறைந்திருக்கும் குறுக்குவழி ஒன்று உள்ள எண் கணக்கைக் கொடுத்து, இடையில் கையில் ஒரு கோப்பையுடன் கண்ணயரச் சொன்னார்கள். தூக்கத்தின் வாசலில் 15 நொடியாவது நின்றவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுகொண்டார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம்தான். வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டவர்களில் வெறும் 14. கோப்பை எதற்கென்றால், தூக்கம் ஆழமானால் கை தளர்ந்து அது விழும், ஆளை எழுப்பும். எடிசன் கையில் இரும்பு உருண்டை வைத்துக்கொண்டு தூங்குவார் என்ற கதையிலிருந்து எடுத்த உத்தி.

மகள் இரண்டாவது புதிரும் அனுப்பியிருந்தாள்: பல், மூக்கு, இட்லி. மூன்றாவது டம்ளருக்கும் அது மசியவில்லை. நான்காவது கேட்டபோது டப்பா காலி என்றாள் மனைவி. கடைக்கு நடந்தேன். ஸ்டான்ஃபோர்டு கணக்குப்படி நடக்கும் மனத்துக்கு இந்த வகைப் புதிர் ஒத்துவராது, வரவும் இல்லை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். கால் கிலோ காப்பிப் என்று ஆரம்பித்தவன், மீதிச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.