பயாஸ் பாஸ்வேர்ட் எதைப் பூட்டுகிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பத்துப் பேர் வேலை பார்க்கிற ஒரு மெஷின் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் ரூமில் ஒரே ஒரு லேப்டாப். வாடிக்கையாளர் கம்பெனிகள் அனுப்பிய டிராயிங், சிஎன்சி புரோகிராம், டாலி கணக்கு, தொழிலாளர்களின் ஆதார் நகல், பிரௌசரில் சேமித்து வைத்த ஜிஎஸ்டி பாஸ்வேர்ட் எல்லாமே அதில்தான். சாயங்காலம் ஓனர் அதைப் பையில் போட்டுக்கொண்டு பட்டரைவாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறுவார். ஒரு நாள் அந்தப் பை காணாமல் போனால் லேப்டாப்புக்குக் கொடுத்த காசு பெரிய நஷ்டம் இல்லை. டிராயிங் வெளியே போனது தெரிந்தால் ஆர்டர் கொடுக்கிற கம்பெனி அடுத்த ஆர்டரைக் கொடுக்காது.

"பயாஸ்லயே பாஸ்வேர்ட் போட்டிருக்கேன் சார், யாராலயும் உள்ள போக முடியாது" என்று இந்த இடத்தில் தைரியமாகச் சொல்பவர்கள் நிறைய. விண்டோஸ் பாஸ்வேர்டைவிட அடியில் இருப்பதால் அது அதிக பலம் என்ற எண்ணம். அடியில் இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் அது எதைப் பூட்டுகிறது என்பதில்தான் குழப்பம்.

பவர் பட்டனை அமுக்கியதும் பிராசஸர் முதலில் ஓட்டுவது விண்டோஸை அல்ல. மதர்போர்டில் சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னதாக, எட்டுக் கால் வைத்த ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கும். அதில் இருக்கிற புரோகிராம்தான் முதலில் ஓடும். அதுதான் ஃபர்ம்வேர். பழைய பெயர் பயாஸ், இப்போது வருவது யூஇஎஃப்ஐ. கடைத்தெருவில் இன்னமும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். மெமரி, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் அது விண்டோஸிடமோ லினக்ஸிடமோ பொறுப்பை ஒப்படைக்கும். அந்த ஒப்படைப்புக்கு முன்னால் நின்று கேட்பதுதான் பயாஸ் பாஸ்வேர்ட்.

அதிலும் ஒன்று இல்லை, மூன்று வகை. சூப்பர்வைசர் அல்லது அட்மின் பாஸ்வேர்ட் என்பது பயாஸ் செட்டிங்ஸை மாற்ற விடாமல் தடுக்கும். அது மட்டும் போட்டிருந்தால் லேப்டாப் எப்போதும் போல ஆன் ஆகும். பவர்-ஆன் பாஸ்வேர்ட் என்பது மெஷினையே கிளம்ப விடாது. மூன்றாவது ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட். அதை உள்ளிடும் திரை பயாஸில் இருந்தாலும், பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது டிஸ்க்குக்குள் இருக்கிற கன்ட்ரோலர்தான். இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

கொஞ்சம் பழைய கதை. 1984ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் நிஜமான சாவித்துவாரம் ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினால் கீபோர்டு வேலை செய்யாது. அதே மெஷினில் கடிகாரத்துக்காக வைத்த சிப்பில் 64 பைட் மெமரி இருந்தது. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். செட்டிங்ஸ் எல்லாம் அதில்தான். பின்னால் வந்த கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டும் அங்கேயே போய் உட்கார்ந்தது. அதனால்தான் 90களில் மதர்போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்ட் பறந்துவிடும். அது போதாதென்று பயாஸ் எழுதிய கம்பெனிகளே பொதுச் சாவி போல மாஸ்டர் பாஸ்வேர்டுகளை உள்ளே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் ஊர் உலகம் எல்லாம் சுற்றியது. இன்றைக்கும் "பேட்டரியைக் கழட்டிட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், அது அந்தக் காலத்து அனுபவம்.

இப்போதைய லேப்டாப்பில் அந்த வேலை நடக்காது. பாஸ்வேர்ட் கரண்டே தேவைப்படாத ஃபிளாஷிலோ, அதற்கென்று இருக்கிற வேறு சிப்பிலோ பதிவாகிறது. திங்க்பேட் வைத்திருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் அதை நீக்க வழியே இல்லை, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் அதிகாரபூர்வமான பதில். உத்தரவாதம் இருந்தாலும் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். இன்டெல் சிப் வைத்த மேக்புக்கில் ஃபர்ம்வேர் பாஸ்வேர்ட் மறந்தால், வாங்கிய பில்லோடு ஆப்பிளின் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். ஆப்பிள் தன் சொந்த சிப் போட ஆரம்பித்த மேக்குகளில் இந்தப் பாஸ்வேர்டே கிடையாது. டிஸ்க் என்க்ரிப்ஷனே அந்த வேலையைச் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். அது தற்செயல் இல்லை.

ஆனால் கம்பெனி "வழியே இல்லை" என்று சொல்வதும், ரிச்சி தெருவில் "ஆயிரம் ரெண்டாயிரம் ஆகும், நாளைக்கு வாங்க" என்று சொல்வதும் இரண்டுமே உண்மை. அந்த எட்டுக் கால் சிப்பின் மேல் ஒரு கிளிப்பை மாட்டி, சின்ன புரோகிராமர் கருவி மூலம் உள்ளே இருப்பதைப் படித்து, பாஸ்வேர்ட் பகுதியைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார்கள். எல்லா மாடலிலும் நடக்காது, சில சமயம் போர்டு செத்தும் போகும். ஆனாலும் நிறைய மாடல்களில் நடக்கிறது.

சரி, திருடனுக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? அவனுக்குத் தேவை லேப்டாப்பா, உள்ளே இருக்கிற டிராயிங்கா? டிராயிங்தான் என்றால் பயாஸ் பக்கம் போகவே வேண்டாம். பின்மூடியில் இருக்கிற ஸ்க்ரூவைக் கழற்றினால் சூயிங்கம் பட்டை அளவில் எஸ்எஸ்டி இருக்கும். அதை எடுத்து ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் மொத்த ஃபைலும் பென் டிரைவ் போலத் திறக்கும். பவர்-ஆன் பாஸ்வேர்ட் அந்த மதர்போர்டோடு நின்றுவிட்டது. விண்டோஸ் பாஸ்வேர்டும் இங்கே ஒன்றும் செய்யாது. டிஸ்க்கில் உள்ளதை அது மறைப்பதே இல்லை.

அப்போ ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட்? அது டிஸ்க்கோடு கூடவே போகும் என்பதால் மேலே சொன்ன வித்தையைத் தடுக்கும். ஆனால் உள்ளே தகவல் உண்மையிலேயே என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதா என்பது டிஸ்க் தயாரித்தவருக்குத்தான் வெளிச்சம். 2018ல் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழகத்தில் கார்லோ மெயர், பெர்னார்ட் வான் காஸ்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சாம்சங், குரூஷியல் கம்பெனிகளின் சில எஸ்எஸ்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சிலவற்றில் பயனர் போடுகிற பாஸ்வேர்டுக்கும் உள்ளே பயன்படும் என்க்ரிப்ஷன் சாவிக்கும் சம்பந்தமே இல்லை. கன்ட்ரோலரை ஏமாற்றினால் போதும், பாஸ்வேர்ட் இல்லாமலே தகவலை எடுக்கலாம். வீட்டுக் கதவைப் பூட்டி சாவியை மிதியடிக்கு அடியில் வைத்த மாதிரி. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட், டிஸ்க்கின் சொந்த என்க்ரிப்ஷனை நம்புவதை நிறுத்தி, பிட்லாக்கர் தானே என்க்ரிப்ட் செய்யும்படி இயல்புநிலையை மாற்றியது.

ஆக, டிராயிங்கைக் காப்பாற்ற வேண்டுமானால் முதல் வேலை முழு டிஸ்க்கையும் மென்பொருளால் என்க்ரிப்ட் செய்வது. விண்டோஸில் பிட்லாக்கர், அல்லது ஹோம் எடிஷனில் டிவைஸ் என்க்ரிப்ஷன். லினக்ஸில் லக்ஸ். அப்படிச் செய்த டிஸ்க்கை வேறு மெஷினில் செருகினால் வெறும் குப்பை எழுத்துதான் வரும். விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்பில் இது தானாகவே ஆன் ஆகிவிடும். லோக்கல் கணக்கு வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அப்படி நடக்காது, செட்டிங்ஸில் போய்ப் பார்க்க வேண்டும். நம் பக்கம் கடையில் விண்டோஸ் போட்டு வாங்கிய லேப்டாப் நிறைய லோக்கல் கணக்கில்தான் ஓடுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என்க்ரிப்ஷன் இருக்கிறபோதுதான் பயாஸ் பாஸ்வேர்டுக்கு உண்மையான மதிப்பு வருகிறது. பிட்லாக்கரின் சாவி டிபிஎம் என்கிற பாதுகாப்பு சிப்பில் இருக்கும். மெஷின் வழக்கம்போல, மாறுதல் இல்லாமல் பூட் ஆகிறது என்று தெரிந்தால் டிபிஎம் சாவியைத் தானாகவே கொடுத்துவிடும். அதாவது திருடனே ஆன் பண்ணினாலும் லாகின் திரை வரைக்கும் வரும், சாவி அதற்குள் வெளியே வந்தாகிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஒரு ஆய்வாளர், மலிவான ராஸ்பெர்ரி பை பிகோ போர்டை வைத்து ஒரு பழைய திங்க்பேடில் டிபிஎம் சிப்புக்கும் பிராசஸருக்கும் நடுவில் போகிற அந்தச் சாவியை 43 நொடியில் ஒட்டுக்கேட்டுக் காட்டினார். பிராசஸருக்குள்ளேயே டிபிஎம் இருக்கிற புதிய மெஷின்களில் அப்படி ஒட்டுக்கேட்க வெளியே கம்பி கிடையாது. இருந்தாலும் லாகின் திரை வரைக்கும் ஒருவனை ஏன் விட வேண்டும்? பவர்-ஆன் பாஸ்வேர்ட் அவனை அதற்கு முன்னாடியே நிறுத்தும். அதைவிட நல்லது பிட்லாக்கருக்கே ஒரு பின் வைப்பது. தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் டிபிஎம்மே வாயை மூடிக்கொள்ளும். அதற்கு விண்டோஸ் புரோ எடிஷன் வேண்டும். ஹோம் வைத்திருப்பவர்களுக்கு பவர்-ஆன் பாஸ்வேர்ட்தான் கைக்கு எட்டும் மாற்று.

அட்மின் பாஸ்வேர்டுக்கும் ஒரு வேலை உண்டு, அது திருடனுக்காக அல்ல. பல பேர் கை படுகிற ஆபீஸ் லேப்டாப்பில் யாராவது பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தாலோ, டிபிஎம்மைக் கிளியர் செய்தாலோ, மறுநாள் காலையில் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். கோபத்தில் வேலையை விட்டுப் போகிற ஒருவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். பயாஸ் அப்டேட் போடும்போதும் இதே சாவியைக் கேட்கலாம், அதனால் அதற்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துகொள்ளுங்கள். அந்த 48 இலக்கத்தைப் பேப்பரில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்க. லேப்டாப் பையிலேயே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்!

பயாஸ் பாஸ்வேர்ட் தேர்ந்தெடுக்கும்போது சிறப்புக் குறியீடுகளைத் தவிர்ப்பது நல்லது. பூட் ஆகும்போது கீபோர்டு அமைப்பு வேறாக இருந்து, நீங்கள் அடித்தது வேறாகப் பதிவாகிவிடும். நீளமான எழுத்தும் எண்ணும் போதும். அட்மின் பாஸ்வேர்ட் போட்டாலும் எஃப் 12 பூட் மெனு சில மாடல்களில் திறந்தே கிடக்கும், அதைத் தனியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது: பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள். ஐடி ஆபீஸ்கள் சில வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கழித்துவிடுகிற லேப்டாப்கள்தான் ரீஃபர்பிஷ்டு கடைகளுக்கு வருகின்றன. பையனுக்குக் காலேஜுக்கு வாங்குகிறவர்கள் ஸ்கிரீன், பேட்டரி பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால், பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் அதில் இருக்கிறது. அதே மெனுவில் ஆப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்று ஒன்று 'ஆக்டிவேட்டட்' என்று இருந்தால் அந்த லேப்டாப் வேண்டாம். அது ஃபர்ம்வேரிலேயே உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு வசதி, டிஸ்க்கை மாற்றினாலும் விண்டோஸுக்குள் தன்னைத் திரும்ப நிறுவிக்கொள்ளும். விண்டோஸைப் புதிதாகப் போட்டு நெட்டில் இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு வரவேற்புத் திரை வந்தால் அது ஆட்டோபைலட் பதிவு. அதை அந்தக் கம்பெனி மைக்ரோசாஃப்ட்டிடம் சொல்லி நீக்கினால்தான் போகும், எத்தனை தடவை ஃபார்மேட் அடித்தாலும் போகாது. "அதெல்லாம் ஓப்பன் பண்ணிக் கொடுத்துடறேன்ணா" என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள், பில்லிலும் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள்.