மலையாளி என்னும் சொல்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்பது கல்வராயன் மலை. அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். பெயரைக் கேட்டதும், "கேரளத்திலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று அம்மலைப் பெண்களை வினவுவோர் நம்மிடையே உண்டு. இது சரிதானா? சற்றே ஆராய்வோம்.

மலை, ஆள் என்னும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது மலையாளி. மலையில் வாழ்பவர் என்பதே அதன் பொருள். கல்வராயன் மலை மக்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்றே அவர்கள் வழிவழியாகக் கூறுவர். சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் இப்பெயர் கொண்ட மக்கள் வாழ்கின்றனர். அரசின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி எனக் காண்பது இவர்களையே, கேரளத்தாரை அன்று.

இரு சாராருக்கும் பொதுவாய் நிற்பது 'மலை' என்னும் சொல். அது திராவிட மொழிகள் பலவற்றுக்கும் உரிய குடும்பச் சொத்து எனலாம். தமிழில் மலை, மலையாளத்தில் மல, கன்னடத்தில் மலெ, தெலுங்கில் மல. கர்நாடகத்து மலைப்பகுதிக்கு மலெநாடு என்று பெயர். வெகுதொலைவில், ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில், மால்டோ என்னும் திராவிட மொழி பேசுவோர் தம்மை மலேர் என்பர். அதற்கும் மலைவாழ்வோர் என்றே பொருள்!

நம் ஊர்ப்பெயரிலும் மலைமணம் உண்டு. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிக்கும் சொல் அன்றோ?

ஆகவே தோழியரே, மலையாளி என்றதும் அயலார் என எண்ண வேண்டா. நம் மலையின் பெயரையே அவர்கள் தம் பெயராகத் தாங்கி நிற்கின்றனர். அதை அறிந்து அவர்களை மதிப்பதே கற்றவர்க்கு அழகு.