தொடக்கநிலை வகுப்பில் பெயரடை கற்பித்தல்: வரையறையும் வழக்கும்

முன்னுரை

பெயர்ச்சொல்லின் தன்மையை விளக்கும் சொல் பெயரடை எனத் தொடக்கநிலை மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இவ்வரையறையை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர், ‘பூ அழகாக இருக்கிறது’ என்னும் தொடரில் ‘அழகாக’ என்பதைப் பெயரடை என அடிக்கோடிடக்கூடும். விடைத்தாளில் அது தவறாகிவிடும். ஆயினும் அழகு பூவின் பண்பே ஆதலால், மாணவர் தமக்குச் சொல்லப்பட்ட வரையறையைச் சரியாகவே பின்பற்றியுள்ளார். சொல்லின் பொருளை மட்டும் கூறி, அது நிற்கும் இடத்தையும் வடிவத்தையும் கூறாத வரையறையே இப்பிழைக்கு மூலமாகும். இச்சிக்கலின் இலக்கணக் காரணத்தையும் அதற்கேற்ற கற்பித்தல் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழில் பெயரடையின் இயல்பு

தொல்காப்பியமும் நன்னூலும் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நால்வகைப்படுத்துகின்றன. பெயரடை என்பது இக்கால இலக்கணத்தில் வழங்கும் பெயர். ‘நல்ல’, ‘பெரிய’, ‘சிறிய’ போன்றவற்றை மரபிலக்கணம் குறிப்புப் பெயரெச்சம் என்னும். ‘செந்தாமரை’ போன்றவற்றைப் பண்புத்தொகை என்னும். இன்றைய உரைநடையில் பெயருடன் ‘ஆன’ சேர்ந்த ‘அழகான’, ‘உயரமான’ போன்ற வடிவங்கள் மிகுதி. ‘அறிவுள்ள’, ‘பயனற்ற’ போன்றவையும் அடையாக வருகின்றன.

பெயரடை திணை, பால், எண் காட்டி மாறுவதில்லை. நல்ல சிறுவன், நல்ல சிறுமி, நல்ல மாடுகள் என ஒரே வடிவம் எங்கும் நிற்கும். இது மாணவர்க்கு எளிமை. ஆனால் பெயருக்கு முன் நின்ற சொல் பயனிலையாகும்போது வடிவம் மாறுகிறது. ‘பெரிய மரம்’ என்பது ‘மரம் பெரியது’ எனவும், ‘நல்ல சிறுவன்’ என்பது ‘சிறுவன் நல்லவன்’ எனவும், ‘அழகான பூ’ என்பது ‘பூ அழகாக இருக்கிறது’ எனவும் அமையும். பொருள் ஒன்றாயினும் வடிவம் வேறு. ஆகவே, பெயருக்கு முன் நின்று அதனைச் சிறப்பிப்பது பெயரடை என்று இடத்தையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

கற்பிக்கும் படிநிலைகள்

முதற்படி, அடைமொழியின் தேவையை உணர்த்துதல். மேசைமீது பல இலைகளைப் பரப்பி, ‘இலையை எடு’ என்றால் எந்த இலை எனும் ஐயம் எழும். ‘பெரிய இலையை எடு’ என்றதும் ஐயம் குறையும். பெரிய இலைகள் இரண்டு இருப்பின், ‘காய்ந்த பெரிய இலையை எடு’ என மாணவரே சொல்லத் தொடங்குவர். இலக்கணப் பெயரை இந்நிலையில் கூற வேண்டியதில்லை.

இரண்டாம்படி, வினாவைத் தெரிவுசெய்தல். ‘பூ எப்படி இருக்கிறது?’ என வினவின் ‘அழகாக’ என்றே விடை வரும். ‘எப்படிப்பட்ட பூ?’ என வினவினால்தான் ‘அழகான பூ’ என்னும் விடை கிடைக்கும்.

மூன்றாம்படி, இணைகளை ஒப்பிடுதல். ‘வேகமான ஓட்டம் – வேகமாக ஓடினான்’, ‘இனிமையான பாட்டு – இனிமையாகப் பாடினாள்’ என எழுதினால், ‘ஆன’ பெயரையும் ‘ஆக’ வினையையும் தழுவுவது புலப்படும். ‘நல்ல பாட்டு – நன்றாகப் பாடினாள்’ போன்ற வேறுபட்ட இணைகளைப் பின்னர் அறிமுகப்படுத்தலாம்.

நான்காம்படி, தொடரை விரித்தல். ‘நாய் குரைத்தது’ என்பதைக் கருப்பு நாய், பசித்த நாய், காவலுக்கு நின்ற வயதான நாய் என மாணவர் தாமே விரிப்பர். ஒவ்வொரு சொல்லும் காட்சியை எவ்வாறு மாற்றுகிறது எனப் பேசச் செய்தல் கட்டுரைப் பயிற்சிக்கு அடித்தளமாகும்.

சந்தியில் கவனம்

‘பெரிய பெட்டி’, ‘அழகான பூ’ ஆகியவற்றில் வல்லினம் மிகாது. ‘அழகாகப் பாடினாள்’, ‘அந்தப் பெட்டி’, ‘பச்சைப் பந்து’ ஆகியவற்றில் மிகும். ‘அந்தப் பெரிய பெட்டி’ என்னும் ஒரே தொடரில் இரு நிலைகளையும் காட்டலாம். விதியைக் கூறுவதற்கு முன் இத்தகைய தொடர்களைப் பலமுறை வாசிக்கவும் எழுதவும் செய்தல் பயன் தரும்.

முடிவுரை

வரையறையிலிருந்து தொடங்கும் கற்பித்தல், சிந்தித்து விடையளிக்கும் மாணவரையே பிழைக்கு உள்ளாக்குகிறது. தேவை, வழக்கு, ஒப்பீடு, பெயரிடல் என்னும் வரிசையில் கற்பித்தால், தாம் அன்றாடம் பேசும் மொழியின் ஒழுங்கையே இலக்கணம் கூறுகிறது என்பதை மாணவர் உணர்வர்.